இரண்டு கிட்டாரும் ஒரு ரிசீவரும்

தம்பி,

சனிக்கிழமை காலையில் பழைய இரும்பு லோரி நம் வரிசைக்கு வந்தது. நீ வேலைக்காகச் சரவாக்கில் பிந்துலுவுக்குப் போன மூன்று வாரத்தில் அது இரண்டாவது முறை வருகிறது. "அம்மா, அந்தக் கிட்டார் ரெண்டு, டிரம்மு, பெட்டி எல்லாத்தையும் லோரிக்காரன்கிட்ட போட்டுருங்க, ரூம்ல கொஞ்சம் எடம் கெடைக்கும்" என்று போனில் சொல்லியிருந்தாய். எல்லாவற்றையும் வாசல் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். லோரிக்காரர் டிரம்மின் காலைப் பிடித்துத் தூக்கினார். நான் இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு விடவில்லை. "தா ஜாடி, பாங்" என்றேன், முடிவு மாறிவிட்டது என்று. அவர் சிரித்துவிட்டு அடுத்த வீட்டு மின்விசிறியை எடுத்துக்கொண்டு போனார். நான் எல்லாவற்றையும் திரும்ப உன் அறைக்குள் வைத்தேன். இடம் நிறையவே இருக்கிறது, தம்பி. இந்த வீட்டில் இப்போது இடத்துக்குக் குறைவில்லை.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். இது அச்சில் வருவதற்கு முன்பே நகல் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். ஆனாலும் நம் தாமானில், இந்தக் குடியிருப்பில் இருப்பவர்களும் கோயிலுக்கு வருபவர்களும் படிக்கிற பத்திரிகைக்கு இதை அனுப்புகிறேன். காரணம் இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு பையனுக்குத் திருடன் என்ற பெயர் வந்து, அது நம் தாமானில் எல்லார் காதிலும் விழுந்தது. அவன் எடுக்கவில்லை. எடுத்தது நான். பழி பலர் முன்னால் விழுந்தது. அது தவறு என்பதை மட்டும் உன் காதில் ரகசியமாகச் சொன்னால் சரியாகாது.

முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த பாதிக் கதையோடு தெரியாத பாதியும் சேரட்டும்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் முதல் கிட்டார் வந்தது. அப்பா சிங்கப்பூரில் வீடு மாற்றும் லோரி ஓட்டுகிறார் என்பதால் நம் வீட்டில் பாதிச் சாமான் அங்கே யாரோ வேண்டாமென்று விட்டதுதான். அன்றைக்குச் சிங்கப்பூரிலிருந்து வருகிற இரண்டாம் இணைப்புப் பாலத்தில் நெரிசல், அப்பா எட்டரைக்குத்தான் வந்தார். கையில் பழைய கறுப்பு விளையாட்டுப் பெட்டி, இரண்டு குறுந்தட்டு, ஒரு பிளாஸ்டிக் கிட்டார். கிட்டாரின் கழுத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ஐந்து பொத்தான். கம்பிக்குப் பதில் ஒரு சின்னப் பட்டை. திரையில் நிறப் புள்ளிகள் சாலையில் வருகிற வண்டிகள் மாதிரி நம்மை நோக்கி வரும். கோட்டைத் தொடும்போது அதே நிறப் பொத்தானை அழுத்திப் பட்டையைத் தட்ட வேண்டும். "என்னா லா இது, கம்பியே இல்ல" என்று அப்பா கேட்டார். "கம்பி இருந்தா கத்துக்கணும்பா" என்றாய். நீ சொன்னதில் பதில் இருந்தது, ஆனால் அப்பாவுக்குச் சிரிப்புதான் வந்தது.

அந்தக் கிட்டாரின் பட்டை தட்டும்போதெல்லாம் 'டிக், டிக்' என்று சத்தம் வரும். எனக்கு அது பிடித்திருந்தது. நான் அடுக்களையில் இருந்தே நீ எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய், எத்தனை தடவை பிசகுகிறாய் என்று காதாலேயே தெரிந்துகொள்வேன். தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் உட்கார்ந்து பழகியவள். குறை எங்கே என்று தேடுவதே என் வேலை. நீ காதுக் கருவி மாட்டிக்கொள்வாய், பாட்டு உனக்கு மட்டும் கேட்கும், டிக் டிக் எனக்குக் கேட்கும். அந்த விளையாட்டில் நீ தனி ஆள். சரியாக அடித்தால் திரையில் இருக்கிற முள் பச்சைக்குப் போகும். பிசகினால் சிவப்புக்கு இறங்கும், கூட்டம் கத்தும், பாட்டு நின்றுவிடும். யாரும் உன்னைத் தூக்கிவிட மாட்டார்கள். மறுபடி முதலில் இருந்து. எனக்கு அது நியாயமான விளையாட்டாகத் தெரிந்தது. நான் வளர்ந்த விதமும் அதுதான்.

லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி என்று உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். சொல்லாத ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு முழுக்க நான் யாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வாய் திறந்தால் என் ஆங்கிலம் தெரிந்துவிடும் என்ற பயம். தட்டை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். கடைசி ஆண்டில் கல்யாணம், இருபத்தொன்றில் நீ. பட்டமளிப்புக்கு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். சான்றிதழ் வைக்கிற அந்த நீல வெல்வெட் குழாயை நீ வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருந்தாய். உன் பல் தடம் இன்னும் அதன் மூடியில் இருக்கிறது. அந்தக் குழாயை நம் வீட்டில் யாரும் தொடுவதில்லை. அப்பா கூடத் தூசி தட்டும்போது அதை மட்டும் விட்டுவிடுவார். அதைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

பதினாலு வயதில் இரண்டாவது செட் வந்தது. முதலாவதற்குப் போட்டியாக வேறு கம்பெனி செய்தது, பெட்டியும் புதிது. பழைய கிட்டாரின் ஒயரை அதில் செருகப் பார்த்தாய், வாயே ஒத்துப்போகவில்லை. இதில் கிட்டாரோடு டிரம்மும் மைக்கும் இருந்தன. நான்கு வட்டமான ரப்பர் தட்டு, கீழே காலால் மிதிக்கிற பெடல், இரண்டு குச்சி. கிட்டார் கொஞ்சம் பெரியது, மரம் மாதிரி கனம். பட்டையைத் தட்டினால் சத்தமே வராது, பஞ்சை அமுக்குவது போல உள்ளே போய் வரும். கழுத்தில் ஐந்து பொத்தான், உடம்புப் பக்கம் இன்னும் ஐந்து சின்னப் பொத்தான். ஒயர் கிடையாது. கட்டைவிரல் அளவில் ஒரு ரிசீவரைப் பெட்டியில் செருகினால்தான் கிட்டார் வேலை செய்யும். அது இல்லையென்றால் அந்தக் கிட்டார் வெறும் பிளாஸ்டிக்.

நீ டிரம்மில் உட்கார்ந்துகொண்டாய். கிட்டாருக்கு ஆள் வேண்டியிருந்தது. அப்போதுதான் பின் வரிசை வீட்டுக் குணாவை அழைத்து வந்தாய். உன் வகுப்புதான், ஆனால் நம் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. ஒல்லியாக, சட்டைப் பொத்தான் ஒன்று இல்லாமல், வாசலில் செருப்பை ஜோடியாக ஒழுங்குபடுத்தி விட்டுவிட்டு வந்தான். அதைக் கவனித்தேன். கவனித்தும் எனக்கு அவன் மேல் நல்ல எண்ணம் வரவில்லை.

ஒரு மாதத்தில் பெடல் நடுவில் உடைந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமை பலகைத் துண்டு வைத்து ஆணி முடுக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நீ மிதிக்கும்போது வீட்டுச் சுவரே அதிரும். அதோடு உங்கள் சத்தம்.

"எழுந்திரு லா, எழுந்திரு, பிடிச்சிட்டேன் உன்ன" என்பான் குணா.

"எத்தன தடவடா என்னைய தூக்குவ?"

"ரெண்டு தடவதான்டா ரூல். மூணாவது தடவ விழுந்தா போய்ச் சேரு, உங்க அம்மா கையால சோறு வாங்கித் தின்னுட்டு நான் வீட்டுக்குப் போறேன்."

அது என்ன ரூல் என்று நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். இந்த விளையாட்டில் ஒருவன் பிசகி விழுந்தால் பாட்டு உடனே நிற்பதில்லை. கூட வாசிப்பவன் சக்தி சேர்த்து வைத்திருந்தால் கிட்டாரை நிமிர்த்திப் பிடிக்கலாம். விழுந்தவன் எழுந்து மறுபடி வாசிப்பான். இரண்டு தடவை அப்படித் தூக்கலாம். மூன்றாவது தடவை விழுந்தால் விழுந்ததுதான். நீ வேகமான பாட்டில் அடிக்கடி விழுவாய். குணா தன் புள்ளிகளை விட்டுவிட்டு உனக்காகக் கிட்டாரை நிமிர்த்துவான். அவனுக்கு அதில் மதிப்பெண் குறையும். அவன் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

"ஆண்டி, மைக் சும்மா கெடக்கு, வாங்க" என்று அவன்தான் என்னைக் கூப்பிட்டான். நீ ஒருநாளும் கூப்பிடவில்லை, நான் வரமாட்டேன் என்று உனக்குத் தெரியும். "எனக்கு அந்த இங்கிலீஷ் பாட்டெல்லாம் தெரியாதுப்பா" என்றேன். "தெரிய வேணாம் ஆண்டி. அது வார்த்தையப் பாக்காது, சுருதி மட்டுந்தான் பாக்கும். ம்ம்ம்னு முனகுனாப் போதும்." நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இங்கேயும் எனக்கு ஒரு தூண் இருந்தது.

இப்போது யோசித்தால், இரண்டு விளையாட்டில் எது நல்லது என்று நான் வேறு ஒரு தராசில் நிறுத்தேன். முதல் செட் அமைதி, நீ தனியாக இருப்பாய், கண்காணிக்கலாம். இரண்டாவது சத்தம், வெளி ஆள் வருகிறான், கிட்டாரில் டிக் டிக் கூட இல்லை, அவன் என்ன செய்கிறான் என்று காதுக்குத் தெரியாது. குணாவின் அண்ணன் உருமி மேளக் குழுவில் இருந்தான். அந்தப் பிள்ளைகளைப் பற்றி நம் வரிசையில் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். உருமி அடிக்கிறவன் எல்லாம் கெட்டவன் என்று நானும் நினைத்தேன். தோட்டத்தில் என் சித்தப்பா திருவிழாவுக்கு உருமி அடித்தவர்தான். பட்டம் வாங்கியதும் எனக்கு அது மறந்துபோயிற்று.

பதினைந்து வயதில் எழுதுகிற படிவம் மூன்று தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. கணக்கில் உனக்கு மதிப்பெண் குறைந்து வந்தது. நான் விடுப்பில் வீட்டில் இருந்த ஒரு நாள், நீ பள்ளியில் இருந்தபோது, பெட்டியில் செருகியிருந்த ரிசீவரைப் பிடுங்கினேன். எங்கே வைப்பது என்று வீடு முழுக்கப் பார்த்தேன். யாரும் தொடாத இடம் ஒன்றுதான். நீலக் குழாயின் மூடியைத் திறந்து சான்றிதழுக்கு நடுவில் போட்டேன். தேர்வு முடிந்ததும் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பதுதான் திட்டம். சத்தியமாக அவ்வளவுதான்.

நீ வந்து தேடினாய். சோபாவைப் புரட்டினாய். நான் அடுப்பில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ரிசீவரப் பாத்தீங்களா?"

"நான் எங்கடா பாத்தேன்? நேத்துக் கடைசியா யாரு வந்துட்டுப் போனா?"

இதுதான் நான் செய்தது, தம்பி. பொய்கூட முழுதாகச் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டேன். கேள்விதானே என்று அன்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். அப்பளம் கருகியது. நான் அடுத்த அப்பளத்தைப் போட்டேன்.

மறுநாள் பள்ளிப் பேருந்து நிற்கிற இடத்தில் நீ அவனைக் கேட்டாய். அவன் இல்லை என்றான். நீ உரக்கக் கேட்டாய். "அவன் அண்ணன் மாதிரிதானே அவனும்" என்று யாரோ சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் தாமான் முழுக்கத் தெரிந்துவிட்டது. குணாவின் அம்மா வேலையிலிருந்து வந்த உடையோடு அவனை விளையாட்டுத் திடலுக்கு இழுத்துவந்து, எல்லார் முன்னாலும் அவன் புத்தகப் பையைத் தலைகீழாகக் கொட்டினார். "தேடுங்க, எல்லாரும் தேடுங்க, எம்புள்ள எடுத்திருந்தா இங்கயே அடிச்சுக் கொல்றேன்." புத்தகம், பென்சில், பாதி தின்ற ரொட்டி. நான் நம் வீட்டுக் கேட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். திடலுக்கு இருபது அடி எடுத்து வைத்தால் போதும். வைக்கவில்லை. அவ்வளவு பேர் முன்னால் பேச எனக்கு வெட்கம். வெட்கம் என்ற பெயரில் கோழைத்தனத்தை நான் எத்தனையோ தடவை மூடி வைத்திருக்கிறேன், ஆனால் அன்றைக்குப் போல இன்னொருவன் தலையில் அது விழுந்ததில்லை.

தேர்வில் நீ நன்றாகச் செய்தாய். ரிசீவரைத் திரும்ப வைக்க முடியவில்லை. வைத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். குழாயை நகர்த்தும்போதெல்லாம் உள்ளே கடகடவென்று கேட்கும், பிள்ளைக்கு ஆட்டிக் காட்டுகிற கிலுகிலுப்பை மாதிரி. டிரம்மைத் துணி போட்டு மூடிவிட்டாய். பழைய பெட்டியை எடுத்தாய், காதுக் கருவியை மாட்டினாய். மறுபடி டிக், டிக். நான் கேட்டதுதான் எனக்குக் கிடைத்தது. இரண்டு வருடம், மூன்று வருடம், நீ அந்தச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்தாய். புது நண்பன் ஒருவனையும் வீட்டுக்கு அழைத்து வரவில்லை. சாப்பிடத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாய். உன்னைப் பார்த்து எனக்குத் தூண் ஞாபகம் வந்தது.

நீ பிந்துலுவுக்குக் கிளம்பிய அன்று செனாய் விமான நிலையத்தில் சொல்லிவிடலாம் என்று கைப்பையில் ரிசீவரை எடுத்துக்கொண்டு வந்தேன். அப்பா பெட்டியை எடை போட்டுக்கொண்டிருந்தார். நீ "என்னம்மா?" என்றாய். "குளிர்சாதனம் ரொம்ப வைக்காத, சளி பிடிக்கும்" என்றேன். நீ தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாய். வீட்டுக்கு வந்து உன் அறை விளக்கைப் போட்டேன். அப்பா நாலு மணிக்கு எழுந்து பாலம் தாண்டுகிறவர், எட்டு மணிக்கு வந்து சாப்பிட்டுப் படுக்கிறவர். ஐந்தரைக்கு வேலை முடிந்து வந்தால் எட்டு வரைக்கும் இந்த வீட்டில் நான் மட்டும். அந்த இரண்டரை மணி நேரத்தில் குளிர்பதனப்பெட்டி எப்போது உறுமும், எப்போது நிற்கும் என்று எனக்கு இப்போது மனப்பாடம்.

லோரியைத் திருப்பி அனுப்பிய அன்றே குணாவைத் தேடிப் போனேன். கெலாங் பாத்தாவில் ஒரு டயர்க் கடையில் வேலை செய்கிறான் என்று தெரியும். அந்த வழியாகக் காரில் போகும்போது ஏழு வருடத்தில் ஒரு தடவையும் அங்கே நிறுத்தியதில்லை. காற்றடிக்க வந்தவள் மாதிரி காரை விட்டேன். அவன் நன்றாக உயரமாகிவிட்டான். நான்கு டயரையும் பார்த்துவிட்டு, "காத்து சரியாத்தான் இருக்கு ஆண்டி" என்றான்.

கைப்பையைத் திறந்து ரிசீவரை நீட்டினேன். அவன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துவிட்டு, அதை வாங்காமல், குனிந்து பார்த்தான்.

"அலமாக். இன்னும் வச்சிருக்கீங்களா?"

"நான்தான் எடுத்தேன் குணா."

"தெரியும் ஆண்டி."

எப்படி என்று கேட்டேன். "அவன் என்னைய கேட்ட அன்னிக்கு, எங்கம்மா திடலுக்கு இழுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி, நானும் சேந்து தேடுறேன்னு உங்க வீட்டுக்கு வந்தேன்ல. கேட்லயே நின்னு, அவன் படிக்கிறான்னீங்க. திருடன்னு நெனக்கிறவங்க மூஞ்சியப் பாப்பாங்க. நீங்க என் செருப்பையே பாத்துட்டு இருந்தீங்க."

"ஏம்ப்பா அவன்கிட்ட சொல்லல?"

"சொன்னா உங்ககூடயும் பேசமாட்டான். அப்புறம் வீட்ல யாருகூட பேசுவான்? அங்கிள் வர்றதே எட்டு மணிக்கு." துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். "ஆனா எங்கம்மாவுக்கு நீங்க சொல்லணும் ஆண்டி. அவங்க இன்னும் அந்தத் திடல் பக்கம் நடக்கிறதில்ல, சுத்தித்தான் போறாங்க."

அன்று மாலையே போனேன். குணாவின் அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "படிச்சவங்க" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். அது எனக்குச் சேர வேண்டியதுதான். இந்தக் கடிதத்தில் குணாவின் பெயரைப் போடலாமா என்று மறுநாள் கடையில் கேட்டேன். "போடுங்க ஆண்டி. அன்னிக்குப் பேரச் சொல்லித்தான திட்டுனாங்க" என்றான். அதனால்தான் போட்டிருக்கிறேன்.

அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் இரண்டு சொல்கிறேன், நான் விழுந்த இடங்கள் என்பதால். யாரையாவது பற்றி மனத்தில் சந்தேகம் இருந்தால் அதைக் கேள்வியாக்கி இன்னொருவர் காதில் போடாதே. கேள்விக்குக் கை கால் முளைத்துத் திடல் வரைக்கும் போகும். இன்னொன்று, அங்கே தொழிலாளர் முகாம் உணவகத்தில் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போகாதே. போன வாரம் நீ அனுப்பிய படத்தில் மேசை மேல் ஒரே ஒரு தட்டு இருந்தது, பக்கத்தில் கட்டில் தெரிந்தது. நான் எல்லாவற்றையும் கவனிக்கிறவள். யாராவது இருக்கிற மேசையில் போய் உட்கார். உன் ஆங்கிலத்தில், உன் மலாயில் என்ன குறை இருந்தாலும் இருக்கட்டும்.

நேற்று வேலை முடிந்து வந்ததும் டிரம் துணியை எடுத்தேன். அப்பா போட்ட பலகை இன்னும் கெட்டியாக இருக்கிறது. ரிசீவரைப் பெட்டியில் செருகினேன். நீல விளக்கு கொஞ்சம் மினுக்கிவிட்டு நின்று எரிந்தது, ஒன்றுமே நடக்காதது போல. மைக்கை எடுத்தேன். மிகச் சுலபமான பாட்டைத் தேர்ந்தெடுத்து, ம்ம்ம் என்று முனகினேன். குணா சொன்னது உண்மைதான், அது வார்த்தையைப் பார்க்கவில்லை. பாதிப் பாட்டில் விழுந்துவிட்டேன். திரையில் கூட்டம் கத்தியது. தூக்க யாரும் இல்லாததால் பாட்டு நின்றுவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி விழுந்தேன். எட்டு மணிக்கு அப்பா வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார்.

கடைக்கு இரண்டாம் நாள் போனபோது குணாவிடம், நீயாவது அவனுக்கு ஒரு போன் அடிக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். மாட்டேன் என்றான். "டிரம்மும் அவன்தான் அடிப்பான், போனும் அவன்தான் அடிக்கணும். நம்பர் மாத்தல, சொல்லிருங்க." கார்க் கதவைச் சாத்தும்போது சன்னலுக்குக் குனிந்து, "ஆண்டி, ரெண்டு தடவ ரூல். நாங்க ஒரு தடவதான் விழுந்திருக்கோம், இப்ப தூக்குனாலும் இன்னும் ஒன்னு பாக்கி இருக்கு" என்று சிரித்தான்.

தீபாவளி விடுமுறைக்கு நீ வரும்போது டிரம் உன்னுடையது, கிட்டார் அவனுடையது. மைக் சும்மா கிடக்க வேண்டாம், அதை நான் பிடிக்கிறேன். நான் நிச்சயம் விழுவேன். தூக்குவதா வேண்டாமா என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். அதற்கு முதலில் நீ அவனுக்குப் போன் அடிக்க வேண்டும்.

அம்மா